எந்தச் சம்மேளனத்தின் வகுப்பு?

கெலுகோரில் பிள்ளையைத் தேக்குவாண்டோ வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் கட்டணத்தையும் நேரத்தையும் விசாரிப்பார்கள். எந்தச் சம்மேளனத்தின் வகுப்பு என்று கேட்பவர் குறைவு. கேட்க வேண்டியதே அதுதான்.

1960-களில் மலேசியாவில் தென் கொரியத் தூதராக இருந்த ஜெனரல் சோய் ஹோங் ஹி 1966-இல் ஐ.டி.எஃப். அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் அது பிளவுபட்டது. இன்று அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் உண்டு. 1973-இல் சியோலில் தோன்றியது இன்றைய 'வோர்ல்ட் தேக்குவாண்டோ'. 2000 சிட்னி முதல் ஒலிம்பிக் பதக்கங்கள் இதன் விதிப்படிதான். சீ விளையாட்டிலும் அப்படியே.

முகத்தில் குத்தினால் ஐ.டி.எஃப். போட்டியில் புள்ளி, ஒலிம்பிக் விதியில் குற்றம். ஏழு வயதில் கையில் ஊறிய பழக்கத்தைப் பதினாறு வயதில் மறப்பது லேசா? ஐ.டி.எஃப். மட்டம் என்பதல்ல, அதற்கும் உலகப் போட்டி உண்டு. ஆனால் பிள்ளையின் கனவு ஒலிம்பிக் என்றால், கறுப்புப் பட்டைச் சான்றிதழ் சியோலின் குக்கிவோன் தருவதா என்று பயிற்றுநரை முதல் நாளே கேட்டுவிடலாம்.