படுக்கைப் புண்ணும் செவிலியர் பணியும்

காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மூளையில் இரத்தம் கசிந்து நினைவிழந்த ஒருவரை அங்குக் கொண்டுசெல்லும்போது, வீட்டாரின் கவலையெல்லாம் அவருடைய மூச்சைப் பற்றியே இருக்கும். ஆனால் அந்த ஆம்புலன்சிலேயே, அசைவற்ற அவரது இடுப்பின் அடியில் வேறொரு துன்பம் தொடங்கிவிடக் கூடும். எவ்வளவு நேரம் அப்படிப் படுத்திருந்தார் என்பதைச் சேர்ந்தவுடன் செவிலியரிடம் சொல்வது நன்று.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. நலமாயிருப்பவரை உறக்கத்திலும் வலி புரட்டிவிடுகிறது. மயக்க மருந்தில் கிடப்பவருக்கு அந்த எச்சரிக்கை இல்லை. மேலும், தாழ்ந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தக் கொடுக்கும் மருந்துகள் தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கின்றன. உயிர் பிழைத்தவர், புண் வழியே நச்சுக்கிருமி பரவி மாண்டுபோவதும் உண்டு.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவரது முயற்சியால் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உணர்வற்ற உடலை ஓயாது காவல்காக்கும் கலையை அத்தகைய நிலையங்களே வளர்த்தன. 1944 முதல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் வற்புறுத்தியதும் அதையே: இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைத் திருப்ப வேண்டும்.

இன்று இடைவெளியை நோயாளியின் நிலைக்கேற்பச் செவிலியர் முடிவு செய்கின்றனர். 1987இல் வெளியான பிரேடன் அளவுகோல், உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என்னும் ஆறையும் மதிப்பிடுகிறது. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து மிகும். முழுப் பக்கவாட்டில் கிடத்தாமல் 30 பாகை சாய்ப்பது சிறந்தது. இழுக்காமல் விரிப்போடு தூக்க வேண்டும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. பிராணவாயு முகமூடி அழுத்தும் மூக்கையும் காதையும் மறக்கலாகாது.

சிவந்த இடத்தைச் சாராயம் தடவித் தேய்ப்பதும், வளையத் தலையணை வைப்பதும் நம் வீடுகளில் இன்னும் உண்டு. இரண்டும் தீங்கே. நம்மவர் கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கடினமாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

“இப்போதுதான் கண்ணயர்ந்தார், எழுப்பாதீர்கள் சிஸ்டர்” என்று தடுக்கும் உறவினரை நான் பலமுறை கண்டதுண்டு. அன்புதான், ஆயினும் தடுக்க வேண்டாம். வீடு திரும்புமுன், திருப்பும் முறையைச் செவிலியரிடம் வீட்டார் இருவராவது கைப்பழக்கமாகக் கற்றுக்கொள்ளட்டும். ஒருவரால் அதைச் செய்ய இயலாது.