"கேஸ் தீர்ந்துடுச்சு சார்!": ஒரு பழைய ஏசியும் பூமியின் சூடும்

போன மே மாதம் எங்கள் வீட்டு ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை. அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது, இருதய மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் தொட்டால் சுடுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம்.

வந்தவர் வெளியே இருக்கிற பெட்டியில் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துடுச்சு சார், ஃபில் பண்ணணும்" என்றார். "போன வருஷமும் இதானே தம்பி சொன்னாங்க?" என்று கேட்டேன். "வருஷா வருஷம் போட வேண்டியதுதான் சார், பழைய மெஷின் இல்ல?" என்றவர், வால்வைத் திறந்து மிச்சமிருந்ததை ஜன்னல் பக்கம் விட்டார். ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். அரை மணி நேரத்தில் புது கேஸ் ஏற்றி, பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அறை குளிர்ந்தது. அப்பா தூங்கினார்.

எனக்குத்தான் அந்த "ஸ்ஸ்ஸ்" மனதை விட்டுப் போகவில்லை. அது என்ன வாயு, எங்கே போனது என்று தேட ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. பருவநிலை மாற்றத்தில் அரசாங்கம் என்ன செய்ய முடியும், தொழில்நுட்பம் என்ன செய்ய முடியும், நாம் என்ன செய்ய முடியும் என்று பொதுவாகப் பேசினால் யாருக்கும் ஒட்டுவதில்லை. ஒரு ஏசியை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்றும் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் ஒரு விஷயம்: கேஸ் தீராது

ஸ்கூட்டரில் பெட்ரோல் எரிந்து தீர்கிறது. ஏசியில் இருக்கிற வாயு அப்படி இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே வாயுதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அறைக்குள் இருக்கும் சுருளில் அது திரவத்திலிருந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. அங்கே வெப்பத்தைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. மண்பானை வேர்த்து தண்ணீர் குளிர்கிறதே, அதே தத்துவம்தான். பானையில் ஆவி காற்றோடு போய்விடும், இங்கே அதைப் பிடித்துத் திரும்ப உபயோகிக்கிறோம்.

ஆக, வாயு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். குழாயை இணைக்கிற பித்தளை நட்டு தளர்ந்திருக்கலாம், சுருள் அரித்து ஓட்டை விழுந்திருக்கலாம். அதை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக அதைத்தான் செய்திருக்கிறோம், காசும் கொடுத்து.

அந்த "ஸ்ஸ்ஸ்" எவ்வளவு பெரியது?

எங்களுடையது ஆர்-22 என்ற வாயு போடுகிற பழைய ஏசி. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், நூறு வருஷக் கணக்கில், சுமார் 1,810 கிலோ கரியமில வாயு உண்டாக்குகிற அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இந்த எண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அப்படியென்றால் ஒரு கிலோ ஆர்-22 கசிவது ஏறக்குறைய 780 லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் போகிற பைக்கில் 39,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு 28 தடவை போய்விட்டுத் திரும்பி வருகிற மாதிரி.

ஏசி இழுக்கிற மின்சாரத்தையும் கணக்கில் எடுத்தால்தான் நியாயம். ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் 1.2 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி நேரம், வருஷத்துக்கு 120 நாள்: சுமார் 1,150 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. மொத்தம் வருஷத்துக்கு 800 கிலோ. அதாவது ஒரு கிலோ கசிவு, இரண்டு வருஷத்துக்கும் மேல் ஏசி ஓட்டிய மின்சாரத்துக்கு ஈடு. பத்து வருஷ ஆயுளில் மின்சாரத்தின் பங்குதான் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் வருஷா வருஷம் கேஸ் போடுகிற வீட்டில் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஒரு மதுரைக்காரர் கண்டுபிடித்தது

ஒரு கிலோ வாயுவுக்கு எப்படி இவ்வளவு சக்தி? இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னவர் 1944-ல் மதுரையில் பிறந்த வீரபத்திரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவருடைய முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில். என்ன வேலை தெரியுமா? பெட்டியிலிருந்து வாயு கசிவதைத் தடுப்பது!

பின்னால் அமெரிக்கா போன அவர், 1975-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூமி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே அனுப்புகிறது. நீராவியும் கரியமில வாயுவும் அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன, ஆனால் சில அலைநீளங்களைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடுகின்றன. வீட்டில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்த மாதிரி. அப்போது குளிர்சாதனங்களில் இருந்த சிஎஃப்சி வாயுக்கள் சரியாக அந்த ஜன்னலில் போய் நின்று அடைக்கின்றன என்று அவர் காட்டினார். அதனால்தான் கொஞ்சம் அளவு இருந்தாலே பெரிய விளைவு. அதுவரை கரியமில வாயுதான் வில்லன் என்று நினைத்திருந்தார்கள். ஃபிரிட்ஜுக்குள்ளும் ஒன்று ஒளிந்திருந்தது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1974-ல், மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதே சிஎஃப்சி மேலே போய் ஓசோன் படலத்தைக் கரைக்கும் என்று எச்சரித்திருந்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து சொன்னபோது உலகம் விழித்துக்கொண்டது.

அரசாங்கங்கள் ஒன்றுசேர்ந்தால்

இரண்டே வருஷத்தில், 1987 செப்டம்பர் 16-ல், மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. "உலக நாடுகள் எங்கேங்க ஒத்துப்போகப் போகுது?" என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் காட்டுகிற உதாரணம் இதுதான். இன்றைக்கு உலகத்தின் எல்லா நாடுகளும் இதில் இருக்கின்றன. சிஎஃப்சி உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிட்டது. ஓசோன் படலம் மெதுவாக ஆறி வருகிறது.

எப்படி முடிந்தது? மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று, "குறைக்க முயல்வோம்" என்று சொல்லாமல், எந்த வாயுவை எந்த வருஷத்துக்குள் எவ்வளவு குறைப்பது என்று தேதி போட்டார்கள். இரண்டு, ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிற நாட்டோடு அந்தப் பொருளில் வியாபாரம் கிடையாது என்றார்கள். மூன்று, பணம். 1990-ல் லண்டனில் கூடியபோது, ஏழை நாடுகள் மாறுவதற்கான செலவைப் பணக்கார நாடுகள் ஒரு நிதி மூலம் தருவது என்று முடிவானது. அந்த உறுதி கிடைத்த பிறகுதான், 1992-ல், இந்தியா சேர்ந்தது. "கெடுத்தது நீங்கள், செலவு மட்டும் எங்களுக்கா?" என்ற கேள்விக்கு நியாயமான ஒரு பதில் கிடைத்தது என்று சொல்லலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சிஎஃப்சிக்குப் பதில் வந்த எச்எஃப்சி வாயுக்கள் ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். பல ஏசிகளில் இருக்கிற ஆர்-410ஏ இந்த வகை; அதன் வெப்பத் திறன் கரியமில வாயுவைப் போல் சுமார் 2,088 மடங்கு. ஒரு வியாதிக்குச் சாப்பிட்ட மருந்து இன்னொரு வியாதியைக் கொண்டுவந்த மாதிரி. அதனால் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடி, ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி நாம் 2028-ல் எச்எஃப்சி அளவை உறைய வைத்து, படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். எல்லா நாடுகளும் சொன்னபடி நடந்தால் இந்த நூற்றாண்டின் முடிவில் 0.3 முதல் 0.5 டிகிரி வரை சூட்டைத் தவிர்க்கலாம் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. 1.5-ஆ, 2-ஆ என்று உலகமே மல்லுக்கட்டுகிற இடத்தில் அரை டிகிரி சின்ன விஷயமில்லை.

தொழில்நுட்பம் கொடுப்பது

இப்போது கடையில் புது ஏசி வாங்கினால் பெரும்பாலும் ஆர்-32 இருக்கும். அதன் திறன் 675 மடங்கு. ஆர்-410ஏ-வில் மூன்றில் ஒரு பங்குதான். ஆர்-290 என்று இன்னொன்று இருக்கிறது. அது வேறொன்றுமில்லை, சமையல் சிலிண்டரில் இருக்கிற புரோபேன்தான், நன்றாகச் சுத்தப்படுத்தியது. பூமியைச் சூடாக்குகிற திறன் மிகமிகக் குறைவு. தீப்பிடிக்கும் என்பது ஒன்றே குறை. அதனால் கொஞ்ச அளவுதான் போட முடியும், பொருத்துகிறவருக்குப் பயிற்சி வேண்டும்.

கம்ப்ரஸரும் மாறியிருக்கிறது. பழையது ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நிற்கும். இன்வெர்ட்டர் ஏசி தேவைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவதால் மின்சாரம் மிச்சம். மின்விசிறியும் அப்படித்தான்: பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் அளவு போதும்.

புதுமை மட்டும்தான் தொழில்நுட்பம் என்றும் இல்லை. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கீழே இறங்குகிற சூடு குறைகிறது. இன்றைக்கு இதையே "கூல் ரூஃப்" என்று டப்பாவில் விற்கிறார்கள்.

நம் கையில் இருப்பது

"அப்போ ஏசியே போடாதீங்க" என்று நான் சொல்லப் போவதில்லை. அப்பாவிடம் என்னால் அதைச் சொல்ல முடியாது. 2018-ல் சர்வதேச எரிசக்தி முகமை வெளியிட்ட அறிக்கைப்படி, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 90 சதவீத வீடுகளில் ஏசி இருந்தது; இந்தியாவில் 5 சதவீதம்தான். அதே அறிக்கை, உலகத்தில் அப்போது 160 கோடியாக இருந்த ஏசிகள் 2050-ல் 560 கோடி ஆகும் என்கிறது. சூடு கூடக் கூட ஏசி கூடும். ஏசி கூடக் கூடச் சூடு கூடும். வெயிலில் உயிர் போகிற ஊரில் குளிர்ச்சி சொகுசு இல்லை. எப்படிக் குளிர்விக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்:

1. இந்த வருஷம் ஏசி மறுபடி படுத்தபோது, "முதல்ல லீக் எங்கேன்னு பாருங்க" என்றேன். சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் ஒரு நட்டுப் பக்கம் குமிழி வந்தது. அதைச் சரிசெய்து, நைட்ரஜனில் அழுத்தம் வைத்துப் பார்த்து, வேக்யூம் போட்ட பிறகே கேஸ் ஏற்றினார்கள். செலவு கொஞ்சம் அதிகம்தான்.

2. வீடு மாற்றும்போது அல்லது ஏசியைக் கழற்றும்போது "பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க" என்று சொல்ல வேண்டும். கம்ப்ரஸர் ஓடும்போதே வால்வை மூடி, வாயு முழுவதையும் வெளிப் பெட்டிக்குள் இழுத்து அடைத்துவிடுவார்கள். சில நிமிஷ வேலை. நல்ல மெக்கானிக் எல்லோருக்கும் தெரியும், நாம் கேட்டால் செய்வார்கள்.

3. அப்பா 20-ல் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது 26, கூடவே ஃபேன் மெதுவாக. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. 2020 ஜனவரியிலிருந்து வருகிற அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் நிற்க வேண்டும் என்பதும் அதன் விதிதான்.

4. மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தோம். இதை முதலில் செய்திருக்க வேண்டும்.

பட்டியலைத் திரும்பப் படித்தால், எதுவுமே நான் தனியாகச் செய்ததில்லை என்று தெரிகிறது. ஆர்-32 கடையில் இருப்பது கிகாலி மாதிரியான ஒப்பந்தங்கள் கொடுத்த தள்ளலால்தான். 24 என்ற எண் ரிமோட்டில் வருவது விதியால். ஆனால் எந்த ஒப்பந்தமும் என் வீட்டு நட்டை வந்து முடுக்கப் போவதில்லை. பிரச்சினையை "அரசு பார்த்துக்கும்" என்று விடுவதும், "எல்லாம் தனிமனிதன் கையில்தான்" என்று நம் தலையிலேயே கட்டுவதும் இரண்டும் அரைகுறை.

அந்த மெக்கானிக் தம்பியையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மே மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறவர். கசிந்த வாயுவைப் பிடிக்கிற கருவியை யாரும் அவருக்கு வாங்கித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பயிற்சியும் கருவியும் கொடுப்பது அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது. கேட்பது நம் வேலை.

உங்கள் வீட்டுக்கு அடுத்த தடவை யாராவது வந்து "கேஸ் தீர்ந்துடுச்சு" என்று சொன்னால், "தீராதே, எங்கே லீக் ஆகுது?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.