200 மணி நேரம் பறந்த பைலட்டுக்கு முதல் வேலை எங்கே? சார்ட்டர் விமான வேலையின் முழு விவரம்!

கையில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் இருக்கு. லாக்புக்கில் 200 மணி நேரம் இருக்கு. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனும் இருக்கு. வேலை மட்டும்தான் இல்லை. விண்ணப்பம் போட்ட இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான்: "எத்தனை மணி நேரம் பறந்திருக்கீங்க?"

வேலை கிடைக்க பறந்த நேரம் வேணும். பறந்த நேரம் சேர வேலை வேணும். புதிதாக லைசென்ஸ் வாங்கிய பைலட்டுகள் பலரும் மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது. இதிலிருந்து வெளியே வர அவர்கள் தேடிப்போகும் வழிகளில் ஒன்றுதான் சார்ட்டர் விமான வேலை. அது என்ன? எங்கே கிடைக்கும்? இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவுமா? விரிவாகப் பார்க்கலாம்.

சார்ட்டர் விமானம் என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், இண்டிகோ, ஏர் இந்தியா போன்றவை ரூட் பஸ் மாதிரி. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் குறித்த நேரத்துக்குக் கிளம்பும். சார்ட்டர் என்பது கால் டாக்சி மாதிரி. யாராவது வாடகைக்கு அழைத்தால்தான் கிளம்பும். சுற்றுலாப் பயணிகள், சுரங்க ஊழியர்கள், மருத்துவக் குழு, தபால் மூட்டை என யாரையும் எதையும் ஏற்றிக்கொண்டு போகும். இந்தியாவில் இதை நடத்தும் நிறுவனங்களுக்கு 'நான் ஷெட்யூல்டு ஆபரேட்டர்' என்று பெயர். அனுமதி தருவது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ.

லைசென்ஸ் இருந்தும் ஏன் தயங்குகிறார்கள்?

கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் என்பது சர்வதேச விதி. அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சி என்றால் 150 மணி நேரமே போதும். ஆனால் இதில் பெரும்பகுதி, பக்கத்தில் பயிற்றுநர் இருக்கும்போதோ, பழகிய ஓடுதளத்தைச் சுற்றியோ பறந்த நேரம். பணம் கொடுத்து ஏறிய பயணி ஒருவர்கூட அதில் இல்லை.

நிறுவனத்தின் தயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. 'இத்தனை மணி நேரத்துக்குக் குறைவான பைலட் ஓட்டினால் காப்பீடு இல்லை' என்று இன்சூரன்ஸ் நிறுவனமே நிபந்தனை போடும். சுரங்க நிறுவனங்கள் ஒப்பந்தம் போடும்போதே பைலட்டின் குறைந்தபட்ச அனுபவத்தைக் குறிப்பிட்டுவிடும். அமெரிக்காவில் சட்டமே அப்படித்தான். அங்கே சார்ட்டர் விமானத்தின் கமாண்டராக, கண்ணால் பார்த்து ஓட்டும் பயணத்துக்கே 500 மணி நேரம் வேண்டும். கருவிகளை நம்பி மேகத்துக்குள் ஓட்டும் பயணம் என்றால் 1,200 மணி நேரம். அதனால்தான் அமெரிக்க இளைஞர்கள் பலர் முதலில் பயிற்றுநர் வேலைக்குப் போகிறார்கள்.

அப்படியென்றால் 200 மணி நேரக்காரரை யார்தான் எடுப்பார்கள்?

இதற்குப் பெயர் போன இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் வடபகுதி. டார்வின், குனுனரா, புரூம் போன்ற ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. மழைக்காலத்தில் சாலைகள் வெள்ளத்தில் மூழ்கிவிடும். அப்போது உள்ளடங்கிய பழங்குடிக் குடியிருப்புகளுக்கு மளிகையும் தபாலும் நர்ஸும் போய்ச் சேர சின்ன விமானம்தான் கைகொடுக்கும்.

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். அப்போது சுற்றுலாப் பயணிகள் குவிவார்கள். 2003-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பர்னுலுலு தேசியப் பூங்காவின் பாறைக் குன்றுகளை வானிலிருந்து பார்க்க குனுனராவில் இருந்து விமானங்கள் போய் வரும். கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்கு மட்டும் இவ்வளவு கூட்டம் என்பதால், ஒவ்வொரு ஆண்டும் புது பைலட்டுகளுக்கு இடம் திறக்கிறது. ஓராண்டு, ஈராண்டு ஓட்டியவர்கள் பெரிய விமானத்துக்கு மாறிப் போக, காலியான சீட்டுக்கு அடுத்தவர் வருவார்.

வேலை எப்படி இருக்கும்?

சினிமாவில் காட்டுவது போல கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நடக்கும் வேலை இல்லை. பெட்டியை எடை போடுவது, ஏற்றுவது, எரிபொருள் நிரப்புவது, கண்ணாடி துடைப்பது, பயணிகளுக்கு பெல்ட் மாட்டச் சொல்லித்தருவது என எல்லாமே பைலட்தான்.

உதாரணத்துக்கு, புதியவர்கள் அதிகம் ஓட்டும் செஸ்னா 206 விமானத்தை எடுத்துக்கொள்வோம். பைலட்டையும் சேர்த்து ஆறு சீட். ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாம் சேர்த்து அது தூக்கக்கூடியது ஏறத்தாழ 590 கிலோ. விமானத்துக்கு விமானம் இது கொஞ்சம் மாறும். டேங்கை முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டுமே சுமார் 240 கிலோ. மிச்சம் 350 கிலோ. அதாவது பைலட்டோடு சேர்த்து நாலு பேர், கொஞ்சம் பெட்டி. அவ்வளவுதான். ஆறு சீட்டையும் நிரப்பணும் என்றால் எரிபொருளைக் குறைக்கணும். எரிபொருள் குறைந்தால் போகும் தூரமும் குறையும். வெயில் 40 டிகிரியைத் தொட்டால் காற்றின் அடர்த்தி குறைந்து, மேலே ஏற இன்னும் நீளமான ஓடுதளம் தேவைப்படும்.

இந்தக் கணக்கைப் போட வேண்டியது அந்த 200 மணி நேரக்காரர்தான். பக்கத்தில் பயிற்றுநர் இல்லை.

"முடியாது" என்று சொல்லத் தெரியணும்!

இந்த வேலையின் நிஜமான பரீட்சையே இங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலிய விதிப்படி, ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவில் பறக்கவோ, மேகத்துக்குள் நுழையவோ அனுமதி இல்லை. ஆனால் எதிரே மேகம் இறங்கி வரும். பின் சீட்டில் இருப்பவருக்கு அவசரம். ஆபீசில் அடுத்த பயணம் காத்திருக்கும். "கொஞ்ச தூரம்தானே" என்று மேகத்துக்குள் நுழைந்தால், எது மேல், எது கீழ் என்பதே சில விநாடிகளில் குழம்பிவிடும். சின்ன விமான விபத்துகளில் உயிர்ப்பலி அதிகம் வாங்கும் வகைகளில் இதுவும் ஒன்று.

அதனால் அனுபவமுள்ள தலைமை பைலட்டுகள் நேர்காணலில் எதிர்பார்ப்பது சாகசத்தை அல்ல. "வானிலை சரியில்லை, திரும்பிடலாம்" என்று தயங்காமல் சொல்லும் மனசைத்தான். அப்படித் திரும்பி வந்தவரைத் திட்டும் நிறுவனமா, தட்டிக்கொடுக்கும் நிறுவனமா என்பதை வேலைக்குச் சேர்பவரும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வேலையை எப்படித் தேடுகிறார்கள்?

ஈமெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் பதில் வராது. சீசன் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே அந்த ஊருக்குப் போய், ஒவ்வொரு ஹேங்கராக ஏறி இறங்கி, தலைமை பைலட்டை நேரில் பார்ப்பதுதான் காலங்காலமாக நடக்கும் வழி. ஆபீஸ் வேலையோ, விமானம் கழுவும் வேலையோ கிடைத்தால் அதில் சேர்ந்துகொண்டு, சீட் காலியாகும் வரை காத்திருப்பவர்களும் உண்டு. தூரத்தில் இருந்து வந்த நல்ல ரெஸ்யூமேவை விட, பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஆளை நம்புவது இந்தத் தொழிலின் பழக்கம்.

லாக்புக் சுத்தமாக இருப்பது இன்னொரு முக்கிய விஷயம். பறக்காத நேரத்தைப் பேனாவால் எழுதிச் சேர்த்தால், ஓட்டிக்காட்டச் சொல்லும் முதல் நாளே வெளுத்துவிடும். இதில் வேலையோடு போகாது, லைசென்ஸும் போகும். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விவகாரம் இந்தியாவில் வெடித்தபோது, சில பைலட்டுகள் கைதானார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்திய பைலட்டுகளுக்கு இந்த வழி உதவுமா?

இங்கேதான் கவனம் தேவை. ஆஸ்திரேலியாவில் இருப்பது போன்ற ஒற்றை எஞ்சின் சார்ட்டர் தொழில் இந்தியாவில் பெரிதாக இல்லை. இங்குள்ள சார்ட்டர் நிறுவனங்களிடம் அதிகம் இருப்பவை கிங் ஏர் போன்ற இரட்டை எஞ்சின் விமானங்கள், பிசினஸ் ஜெட்கள், ஹெலிகாப்டர்கள். அதாவது ஏணியின் கீழ்ப்படியே இங்கே இல்லை. புதியவர் நேராக நடுப்படியில், துணை விமானியாகத்தான் ஏற வேண்டும். அதற்கு அந்த ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் தேவை. அது பல லட்சம் ரூபாய் செலவு.

வெளிநாடு போகலாமே என்றால், இந்திய லைசென்ஸை அப்படியே காட்டி அங்கே பறக்க முடியாது. அந்த நாட்டுத் தேர்வு, பறத்தல் சோதனை, மருத்துவச் சான்று, வேலை பார்க்கும் உரிமை தரும் விசா என எல்லாம் வேண்டும். இதில் பலர் கடைசியில் யோசிப்பது விசாவைத்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

காத்திருப்பதும் இலவசம் இல்லை. கிளாஸ் 1 மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பறக்காமல் இருந்தால் கைப்பழக்கமும் போய்விடும். அதனால் பயிற்சிப் பள்ளியிலேயே உதவிப் பயிற்றுநராகச் சேர்வது இந்தியாவில் நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு வழி. சம்பளம் குறைவாக இருந்தாலும் மணி நேரம் சேரும்.

பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்!

"இவ்வளவு லட்சம் கட்டுங்க, சார்ட்டரில் சீட் உறுதி" என்று யாராவது சொன்னால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ அனுமதி இப்போதும் செல்லுபடியாகிறதா? கட்டும் பணம் பயிற்சிக்கா, வேலைக்கா, எழுத்தில் தருவார்களா? ஏற்கெனவே அங்கே சேர்ந்தவர்கள் இப்போது மாதம் எத்தனை மணி நேரம் பறக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு அந்த பைலட்டுகளிடமே நேரில் பதில் வாங்குவது நல்லது.

பயிற்சியில் சேரப்போகிறவர்கள் இதையெல்லாம் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு யோசிப்பதை விட, முதல் தவணை கட்டுவதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது. 200-வது மணி நேரத்தோடு பயிற்சி முடிந்துவிடும். வேலைக்கான பயணம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். அதற்கும் கையில் கொஞ்சம் பணமும் பொறுமையும் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.