குதிரைக்குத் தவணை தவறக் கூடாது

‘‘ரிட்டையர் ஆனவங்க மாடு வாங்குவாங்க, நாலு வெள்ளாடு வாங்குவாங்க. நீங்க என்னங்க குதிரை வாங்கி வச்சிருக்கீங்க?’’

அருள்புரத்தில் எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு பக்கம் பனியன் கம்பெனி வேன்கள், இன்னொரு பக்கம் பல்லடம் ரோட்டு லாரிகள். நடுவில் நாலு ஏக்கர். தென்னை, கொஞ்சம் காய்கறி, மானாவாரியாகக் கொள்ளு, ஓரமாக ஒரு துண்டு கொறங்காடு. இரண்டு காங்கேயம் மாடுகளோடு ஒரு பெட்டைக் குதிரையும் இருக்கிறது. மாடுகளுக்கு நிறம் சொல்வதுபோல அதற்கும் மயிலை என்றே பேர் வைத்துவிட்டோம்.

முப்பத்திநாலு வருசம் பேங்க்கில் வேலை பார்த்துவிட்டுப் பண்ணையத்துக்கு வந்தவன் நான். குதிரை என் யோசனை இல்லீங்க, பேத்தியின் யோசனை. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு அவளைக் கூட்டிப் போனேன். திப்பு சுல்தான் காலத்தில் இருந்தே அங்கே குதிரைச் சந்தை கூடுகிறது என்று சொல்வார்கள். கத்தியவாரி, மார்வாரி என்று லட்சக்கணக்கில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் தள்ளி, ரேக்ளாவுக்கு ஓடி ஓய்ந்த ஒரு நாட்டுக் குதிரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. ‘‘அப்புச்சி, இதுவும் உங்களை மாதிரி ரிட்டையர் ஆயிருச்சா?’’ என்று பேத்தி கேட்டாள். அதற்கப்புறம் நான் விலை பேசிய லட்சணத்தை எழுத வேண்டாம்.

இது நடந்து நாலு வருசம் ஆச்சு. மயிலையிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அதைக் கற்றுக்கொள்ள அதன் உயிரையே பணயம் வைக்க வேண்டியதாயிற்று.

காலை ஐந்து மணி

ஐந்து மணிக்கு லாயத்துக்குப் போனால் முதல் வேலை கூட்டுவது இல்லை, எண்ணுவது. ராத்திரி எத்தனை தடவை லத்தி போட்டிருக்கிறது, உருண்டை உருண்டையாக ஈரமாக இருக்கிறதா, காய்ந்து சின்னதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதன்பிறகு நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, கொக்கியால் குளம்பு இடுக்கில் இருக்கும் சாணியையும் கல்லையும் எடுக்க வேண்டும். இதை விட்டால் ஈரம் தங்கிக் குளம்பு அழுகும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிக்கிறவர் வந்து குளம்பைச் சீவிவிட்டுப் போவார்.

தீவனத்தில்தான் மாட்டுக்காரர்கள் ஏமாந்து போகிறோம். மாடு அரைமணி நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அப்புறம் படுத்து நிதானமாக அசை போடும். அதன் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். குதிரை அசை போடாது. பெரிய குதிரைக்கே இரைப்பை பதினைந்து லிட்டருக்குள்தான். அதில் அமிலம் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் வெளியில் விட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரைக்கும்கூட மேயும். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் மேய வேண்டிய உடம்பு அது. இன்னொன்றும் இருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

மயிலை சுமார் 280 கிலோ. ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த தீவனம் போதும். ஆனால் அதை ஒரே தடவையாகப் போடக் கூடாது. ஐந்து பங்காகப் பிரித்து, கடைசிப் பங்கை ராத்திரி ஒன்பது மணிக்குப் போடுகிறேன். நாலு வருசத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால், ‘மொத்தத்துல கணக்கு சரியா இருந்தாப் போதாதா?’ என்றுதான் கேட்டிருப்பேன்.

அந்த ராத்திரி

இரண்டு வருசத்துக்கு முன்னால், சித்திரை மாசம். கோயமுத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இரண்டு நாள் தங்க வேண்டிய கட்டாயம். தோட்டத்தில் இருந்த பையனிடம், ‘‘கண்ணு, மாட்டை மட்டும் பார்த்துக்க. குதிரைக்கு ரெண்டு நாளைக்கும் சேர்த்துத் தட்டு போட்டுர்றேன்’’ என்று சொல்லிவிட்டு, முரட்டுச் சோளத்தட்டாக ஒரு கட்டு அவிழ்த்துப் போட்டேன். வீட்டுக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி அந்தக் கோடையில் வற்றிவிட்டது. அதனால் குதிரைத் தொட்டியைப் போர் தண்ணீரால் ரொப்பிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பி வந்தோம். மயிலை முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுக்கும், எழும், மறுபடியும் படுத்துப் புரளப் பார்க்கும். உடம்பெல்லாம் வேர்வை. லாயத்தில் லத்தியே இல்லை. தொட்டியில் தண்ணீர் ரொப்பியபடியே நின்றது.

கோலிக் என்று டாக்டர்கள் சொல்லும் வயிற்றுவலி. குதிரைகளைக் கொல்லும் காரணங்களில் முக்கியமானது இது. கால்நடை டாக்டர் பதினொரு மணிக்கு வந்தார். குதிரையின் நாடித்துடிப்பு நிமிசத்துக்கு 28லிருந்து 44க்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு 64. குடலில் காய்ந்த தட்டு அடைத்துக்கொண்டது என்றார். வலிக்கு ஊசி போட்டு, நரம்பு வழியாகச் சலைன் ஏற்றி, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு லிக்விட் பாரஃபின் செலுத்தினார். ‘‘புரள விடாதீங்க. வாய்க்கு ஒண்ணும் குடுக்காதீங்க. மெதுவா நடத்துங்க. லத்தி போட்டாப் பொழைச்சுக்கும்’’ என்று சொல்லிவிட்டு, ஒரு மணிக்குத்தான் கிளம்பினார்.

நானும் என் சம்சாரமும் மாற்றி மாற்றி நடத்தினோம். கல்யாணத்துக்குக் கட்டின பட்டுப்புடவையோடு அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தென்னைக்கு நடுவில் நடந்ததை என்னால் மறக்க முடியாது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. விடியக்காலம் நாலரைக்கு மயிலை வாலைத் தூக்கியது. எண்ணெய் பூசினமாதிரி நாலு உருண்டை விழுந்தது. மேனேஜராகப் பதவி உயர்வு ஆர்டர் வந்தபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லைங்க.

அது குடிக்காத தண்ணீர்

தட்டைக் குவித்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் தொட்டி நிறைய இருந்ததே, ஏன் குடிக்கவில்லை? டாக்டர் கேட்ட இந்தக் கேள்விதான் என்னைப் போட்டு உலுக்கியது. அந்த உருவத்துக்குச் சாதாரண நாளிலேயே இருபது லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். தண்ணீரின் ருசி திடீரென்று மாறினால் குதிரை குடிப்பதைக் குறைத்துவிடும். தண்ணீர் குறைந்து, முரட்டுத் தீவனமும் சேர்ந்தால் குடல் அடைத்துக்கொள்ளும்.

மறுநாளே டி.டி.எஸ். மீட்டர் வாங்கிப் பார்த்தேன். மழைத் தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீர் 60 காட்டியது. போர் தண்ணீர் 2,800. அதைத்தான் மாடுகளும் தென்னையும் வருசக்கணக்காகக் குடித்துக்கொண்டிருந்தன. மாடு சகித்துக்கொண்டது, தென்னை வாய் திறக்கவில்லை. குதிரை மட்டும் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டது.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாகப் போனதும், நொய்யல் விவசாயிகள் கோர்ட்டு ஏறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னதும் நாம் பார்த்த கதை. அதற்கப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை வந்தது. ஆனால் நிலத்துக்குள் இறங்கிய உப்பு, உத்தரவு போட்டதும் வெளியே வந்துவிடாது.

இதில் நான் ஒதுங்கி நின்று விரல் நீட்ட முடியாது. தொண்ணூறுகளில் கடன் ஃபைல்களில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தன். இயந்திரத்தின் விலை, ஆர்டர், அடமானம், தவணை எல்லாம் பார்ப்போம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. நானாகவும் கேட்கவில்லை. அந்த ராத்திரி கயிற்றைப் பிடித்து நடந்தபோது அந்த ஃபைல்களும் கூடவே நடந்து வந்தன.

இப்போது மாட்டுக் கொட்டகைக் கூரைத் தண்ணீரையும் பிடித்து இரண்டாவது தொட்டி கட்டியாச்சு. கோடையில் வாங்கும் நல்ல தண்ணீரில் போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்குகிறேன், அதுவும் மயிலை குடிக்கிற அளவு பார்த்து. மாடுகளுக்கும் அதே தொட்டித் தண்ணீர்தான்.

நம்ம பக்கம் கவனிக்க வேண்டியவை

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்கள் குதிரையை. அதற்காகக் கொள்ளை அள்ளிக் கொடுக்கக் கூடாது. ஊற வைத்தோ வேக வைத்தோ அளவாகக் கொடுக்க வேண்டும். வேலை செய்யாத குதிரைக்குத் தானியம் மிஞ்சினால் வயிறும் கெடும், குளம்புக்குள் வீங்கிக் காலும் போய்விடும்.

பல்லடம் வட்டாரத்தில் கோழிப்பண்ணைகள் அதிகம். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பது வழக்கம். கோழிக்கு அது மருந்து, குதிரைக்கு அதுவே இதயத்தைக் கெடுத்துக் கொல்லும் விஷம். மீந்த கோழித் தீவனத்தைக் குதிரைக் காடியில் கொட்டிவிடாதீர்கள். அது இருந்த சாக்கில்கூடத் தவிடு பிடிக்காதீர்கள்.

சவுண்டல் தழை ஆட்டுக்கு நல்லது. குதிரைக்குத் தொடர்ந்து போட்டால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டிப்போகும். அரளி வேலி இருந்தால் எடுத்துவிடுங்கள். இளம் பச்சைச் சோளம் வேண்டாம். பூசணம் பிடித்த கடலைக்கொடியும் கடலைப் புண்ணாக்கும் கூடவே கூடாது.

நம்ம கொறங்காட்டுக் கொழுக்கட்டைப்புல் நல்ல மேய்ச்சல்தான். ஆனால் அந்த வகைப் புல்லில் இருக்கும் ஆக்சலேட் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து சேராமல் தடுக்கும். கோதுமைத் தவிட்டை அதிகம் போட்டாலும் அதே சிக்கல்தான். எலும்பு பலம் இழந்து முகம் வீங்கும். ஆஸ்திரேலியாவிலும் இதே புல்லை மேய்ந்த குதிரைகளுக்கு இது வந்திருக்கிறது. அதனால் சுண்ணாம்புச் சத்துள்ள தீவனமும் சேர வேண்டும். குதிரைமசால் என்று நம்ம பெரியவர்கள் சும்மா பேர் வைக்கவில்லை.

லத்தி என்ன ஆகும்?

‘உரமாவது மிச்சமாகுமே’ என்பீர்கள். ஆகும். ஆனால் அசை போடாத வயிறு என்பதால் களை விதைகள் பல உயிரோடு வெளியே வரும். பச்சையாகப் போட்டு முதல் வருசம் கத்தரிக் காட்டில் களை எடுத்தே ஓய்ந்தேன். லத்தி சீக்கிரம் சூடேறும் உரம். பாரிஸ் நகரத்தைச் சுற்றிலும் 19ஆம் நூற்றாண்டில் இருந்த காய்கறி விவசாயிகள், அந்தச் சூட்டை வைத்தே பனிக்காலத்தில் கீரையும் காயும் விளைத்தார்கள். நாம் அதைக் குவித்து, ஈரம் வைத்து, புரட்டிப் புரட்டி மக்க விட்டால் சூட்டிலேயே விதைகள் செத்துவிடும். சூடு அடங்காமல் மண்புழுத் தொட்டியில் போட்டால் புழு செத்துவிடும். குடற்புழு மருந்து கொடுத்தால் இரண்டு வாரத்து லத்தியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணி வண்டுகளுக்கு ஆகாது. லத்தியில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். கையிலோ காலிலோ காயம் இருந்தால் எச்சரிக்கை, தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். குதிரைக்கும் அந்தத் தடுப்பூசி அவசியம்.

வாங்கலாமா?

இயற்கை விவசாயத்துக்குக் குதிரை தேவையா என்றால், தேவையில்லை. உழவுக்கும் உரத்துக்கும் பாலுக்கும் நாட்டு மாட்டை மிஞ்ச முடியாது. மயிலைக்கு மாசம் ஆறாயிரம், ஏழாயிரம் செலவாகிறது. பேங்க் பாஷையில் அது வாராக்கடன். ஆசைப்பட்டு வாங்குவதென்றால் முதலில் குதிரை பார்க்கத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். சந்தையில் பல்லையும் குளம்பையும் நடையையும் பார்த்தபின் விலை பேசுங்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனுசனுக்கும் தொற்றும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஓட்டி வராதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வருசத்தில் 365 நாளும் ஐந்து பங்கு தீவனம் போட வீட்டில் ஆள் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேங்க்கில் மூணு தவணை தவறினவர் ஒரு நாள் வந்து மொத்தமாகக் கட்டினால், வட்டியோடு வாங்கிக்கொண்டு கணக்கை நேர் செய்துவிடுவோம். குதிரையிடம் அது நடக்காது. நேற்றுப் போடாததை இன்றைக்குச் சேர்த்துப் போட்டால் அது செத்துப்போகும். மண்ணும் தண்ணீரும் அப்படித்தான் என்று எனக்கு இப்போது படுகிறது. முப்பது வருசம் உப்பை விட்டுவிட்டு ஒரே வருசத்தில் நாலு லோடு தொழு உரம் கொட்டினால் நிலம் நேராகிவிடாது. அவை உடனே புரண்டு காட்டுவதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மணி எட்டே முக்கால். ஒன்பது மணிப் பங்கு இன்னும் போடவில்லை. லாயத்தில் காலால் தட்டுகிற சத்தம் கேட்கிறது. எழுந்திருக்க வேண்டும்ங்க.