மலாக்கா: ஆற்றங்கரை நகரில் மூன்று நாட்கள்

மலாக்கா, மலேசியாவின் தென்மேற்குக் கடற்கரையில், மலாக்கா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ள பழமையான துறைமுக நகரம் ஆகும். 2008 ஜூலை மாதம் பினாங்கின் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பழைய நகரப் பகுதி சிறியது. முதுகுப்பையுடன் நடந்தே சுற்றலாம். பயணிகள் பலர் கோலாலம்பூரிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகின்றனர். ஆனால் தமிழர்கள் இங்கு விட்டுச்சென்ற தடயங்களைக் காண ஒரு நாள் போதாது.

துணியும் காற்றும்

1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரா என்ற இளவரசர் இந்நகரை நிறுவினார். சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பருத்தித் துணிகள் இங்கு வந்து இறங்கின. அவற்றைக் கொடுத்து வணிகர்கள் கிராம்பு, ஜாதிக்காய் போன்றவற்றை வாங்கினர். இன்று திருப்பூர்ப் பனியன்கள் தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர்களில் செல்கின்றன. அன்று பாய்மரக் கப்பல் ஊர் திரும்பப் பருவக்காற்று திசை மாற வேண்டும். அதுவரை காத்திருந்த தமிழ் வணிகர்களில் சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். அவர்களின் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள்.

முதல் நாள்: குன்றும் சதுக்கமும்

நகரம் 1511இல் போர்த்துக்கீசியரிடமும், 1641இல் டச்சுக்காரரிடமும், 1824 உடன்படிக்கையால் நிலையாக ஆங்கிலேயரிடமும் சென்றது. சிவப்புச் சதுக்கத்தில் உள்ள ஸ்டாட்ஹைஸ் மாளிகையும் 1753இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து ஆலயமும் டச்சுக்காலத்தவை. பின்புறக் குன்றில் போர்த்துக்கீசியர் கட்டிய புனித பவுல் ஆலயத்தின் சிதைவுகள் உள்ளன. நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித சவேரியாரின் உடல், கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படும் முன் இங்குதான் சில மாதங்கள் வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் நாள்: பொற்கொல்லர் தெரு

ஆற்றைக் கடந்தால் ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெரு வரும். இப்பெயருக்குப் பொற்கொல்லர் தெரு என்று பொருள். டச்சுக்காரர் அளித்த நிலத்தில் செட்டிகள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இங்கு உள்ளது. அதே தெருவில் இந்திய முஸ்லிம் வணிகர்களின் கம்போங் கிளிங் மசூதியும், சில எட்டுகள் தள்ளிச் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயிலும் உள்ளன. மாலையில் ஆற்றங்கரை நடைபாதையில் நடக்கலாம், படகிலும் செல்லலாம். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை கூடும்.

மூன்றாம் நாள்: செட்டிகளின் ஊர்

நகர மையத்துக்குச் சற்று வெளியே, காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டி உள்ளது. இங்குள்ளோர் சைவர்கள். மாரியம்மனை வழிபடுகின்றனர். தை மாதத்தில் பொங்கல் வைக்கின்றனர். அதற்கு முந்தைய போகியன்று முன்னோர்க்கு வாழையிலையில் படையல் இடுகின்றனர். ஆயினும் அவர்களின் வீட்டுமொழி தமிழ் அன்று, தமிழ்ச் சொற்கள் கலந்த ஒருவகை மலாய். மொழி கைவிட்டுப் போனாலும் வழிபாடு தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது.

மறுபுறம், தமிழ் அறியாத மலாய்க்காரர் வாயில் தமிழ்ச் சொற்கள் வாழ்கின்றன. கப்பல் அங்கு கப்பால், கடை கெடாய், பெட்டி பெத்தி, வணிகத்தின் முதல் மோடால். மலாய் ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலியின் பெயர் காயின் பெலிக்காட். காயின் என்றால் துணி; பெலிக்காட் என்பது புலிக்காட், அதாவது நம் பழவேற்காடு. நெய்தவர் பெயர் மறைந்தாலும், துணி புறப்பட்ட துறைமுகத்தின் பெயர் நிலைத்துவிட்டது.

செல்வோர் கவனத்திற்கு

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. அங்கிருந்து மலாக்கா ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இன்றித் தங்க மலேசியா அனுமதித்து வருகிறது. எனினும் நடப்பு விதிகளைச் சரிபார்த்துப் புறப்படுக. கம்போங் செட்டி மக்கள் குடியிருக்கும் ஊர். வீடுகளையோ சடங்குகளையோ படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பது முறை.