உரோமாபுரியின் பழைய மதில்

மதில் எழுப்புவது பலத்தின் அறிகுறியா, அன்றிப் பயத்தின் அறிகுறியா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர், உரோமாபுரியைச் சூழ்ந்து நிற்கும் அவுரேலியன் மதிலின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நன்று. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக வெயிலையும் மழையையும் படையெடுப்புகளையும் தாங்கி, இன்றும் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளத்துக்கு அது நிமிர்ந்து நிற்கின்றது.

உரோமர் பல தேசங்களை ஒரு குடைக்கீழ் ஆண்ட காலத்தில் அவர்தம் தலைநகருக்கு மதில் வேண்டியிருக்கவில்லை. கி. மு. நான்காம் நூற்றாண்டில் எழுந்த பழைய சுவரைத் தாண்டி நகரம் பரந்து வளர்ந்தது. பகைவர் றைன், டான்யூப் நதிகளுக்கு அப்பால் இருக்கையில் வீட்டு வாசலுக்குக் காவல் எதற்கு என்று அவர்கள் இறுமாந்திருந்தனர்.

அவ்விறுமாப்பு கி. பி. 271இல் தகர்ந்தது. ஜேர்மானியக் குலத்தார் இத்தாலிக்குள் புகுந்து, பிளசென்ஷியா என்னுமிடத்தில் உரோமப் படையை முறியடித்தனர். தலைநகர் கலங்கியது. அவுரேலியன் சக்கரவர்த்தி பின்னர் அப்பகைவரை வென்று துரத்தினார். எனினும், இனி மதிலின்றி நகரம் பிழையாது என்பதை அவர் உணர்ந்துகொண்டார். அவ்வாண்டிலேயே வேலை தொடங்கிற்று.

அவசரத்தில் எழுந்த அரண்

படைவீரர் போர்முனைக்கு வேண்டியிருந்தமையால், நகரத்துத் தொழிலாளர் சங்கங்களே இம்மதிலைக் கட்டின. சுண்ணச்சாந்துக் கலவையால் உட்சுவர், செங்கல்லால் வெளிமுகம், மூன்றரை மீற்றர் அகலம், முப்பது மீற்றருக்கு ஒரு காவற்கோபுரம் என்பது திட்டம். சுற்றளவு 19 கிலோமீற்றர். வேலியடைக்கும் கமக்காரன் நிற்கும் பூவரசையே கதியாலாகக் கொள்வது போல, வழியிற் கிடைத்த கட்டடங்களையெல்லாம் மதிலோடு சேர்த்துக்கொண்டனர். செஸ்தியஸ் என்பானுடைய கூர்நுதிக் கல்லறை, காவற்படையின் பாசறை, வட்டரங்கு ஒன்று, நீர் கொணரும் கால்வாயின் வளைவுகள் ஆகிய யாவும் மதிலின் அங்கங்களாயின. யூரிசாசஸ் என்ற உரொட்டி வியாபாரியின் கல்லறையும் பின்னாளில் ஒரு வாயிற்கோபுரத்தினுள் புதைந்துபோயிற்று. 1838இல் அக்கோபுரத்தை இடித்தபோதே அது வெளிப்பட்டது.

ஆனால் மதிலை எழுப்பிய மன்னரோ அது முடிவுறுவதைக் காணவில்லை. 275இல் அவரைக் கொன்றவர்கள் பகைவரல்லர், அவருடைய அதிகாரிகளே. வேலையை நிறைவேற்றியவர் புரோபஸ் சக்கரவர்த்தியாவார்.

கதவைத் திறந்த கைகள்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொனோரியஸ் சக்கரவர்த்தியின் ஆட்சியில் மதிலின் உயரம் ஏறத்தாழ இரு மடங்காக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் செல்லுமுன், 410ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி, கொத்தியர் தலைவன் அலரிக் நகருட் புகுந்தான். மதிலை அவன் தகர்க்கவில்லை. சலாரியன் வாயிலின் கதவு இரவில் உள்ளிருந்து திறக்கப்பட்டது என்று பழைய நூல்கள் கூறுகின்றன.

இதற்கு மாறான காட்சியை 537இல் காண்கிறோம். விற்றிகிஸ் என்ற கொத்திய மன்னன் பெரும் படையோடு நகரை முற்றுகையிட்டான். தளபதி பெலிசாரியஸிடம் இருந்தவர்களோ ஏறத்தாழ ஐயாயிரம் பேர். கொத்தியர் நீர்க்கால்வாய்களை வெட்டினர். பசியும் நோயும் நகரை வாட்டின. ஆயினும், ஓராண்டுக்கு மேல் முயன்றும் மதிலைக் கடக்கவியலாது கொத்தியர் திரும்பினர். உள்ளே உறுதி இருந்தது, மதிலும் காத்தது.

ஒன்பது ஆண்டுகளின் பின், 546இல், டோட்டிலா என்பவன் முற்றுகையிட்டபோது அசினாரியன் வாயிலைக் காத்த வீரர் சிலரே அதனைத் திறந்துவிட்டனர். வேலியே பயிரை மேய்ந்த கதையிது. டோட்டிலா மதிலின் பல பகுதிகளை இடித்துப் போனான். மறுபடி நகரைக் கைக்கொண்ட பெலிசாரியஸ், விழுந்த கற்களைச் சாந்தின்றியே அடுக்கி, இருபத்தைந்து நாட்களில் இடைவெளிகளை அடைத்தார் என்று, அவருடன் போர்முனைகளுக்குச் சென்ற சரித்திராசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதியுள்ளார்.

பின்வந்த பாப்பரசர்களும் மதிலைப் பழுதுபார்த்தே வந்தனர். 1870ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி இத்தாலியப் பீரங்கிகள் பியா வாயிலருகே சில மணி நேரத்தில் அதனைப் பிளந்தன. பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் அரசாட்சி அன்றோடு முடிந்தது. கோட்டை மதில்களின் காலமும் முடிந்துவிட்டதென்பதை உலகம் கண்டது.

மதில் நிலைத்த காரணம்

இத்தனை நூற்றாண்டுகள் இது நிலைத்தமைக்குக் காரணம் செங்கல்லின் வலிமை மட்டுமன்று. மக்களுக்கு அது தேவைப்பட்டது. ஆகவே தலைமுறைதோறும் ஒட்டுப்போட்டுக் காத்தனர். அப்பியன் வீதியின் தொடக்கத்திலுள்ள சான் செபஸ்தியானோ வாயில் இன்று மதிலின் வரலாற்றைக் காட்டும் நூதனசாலையாக விளங்குகின்றது. பகைவர் இல்லாத இக்காலத்தில் மழைநீரும் மரவேரும் வாகன நெரிசலுமே மதிலை முற்றுகையிடுகின்றன. 2001இல் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அதனையும் திரும்பக் கட்டவேண்டியிருந்தது.

பயத்திற் பிறந்த மதில் இன்று உரோமாபுரியின் பெருமைகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் அதன் வாயில்களைக் கடந்து செல்வோர் ஒன்றை நினைவிற்கொள்ளல் தகும்: அம்மதில் நகரைக் காத்த நாளெல்லாம், நகரத்தார் அதனைக் காத்த நாளே.