4 டிஸ்க் போட்டால் 16 டிபி கிடைக்குமா? ஓசூர் தொழிற்கூடங்களுக்கு ஒரு ‘ரெய்டு’ கணக்கு

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். டிராயிங், சிஎன்சி புரோகிராம், டேலி கணக்கு, கேமரா பதிவு எல்லாம் ஒரே சர்வரில். “தலா 4 டிபி, நாலு டிஸ்க் போட்டாச்சு. 16 டிபி இடம் இருக்கு” என்கிறார் முதலாளி. அவ்வளவு கிடைக்காது. அதில்தான் பாதுகாப்பே இருக்கிறது.

என்ன ரெய்டு?

வருமான வரி ரெய்டு இல்லீங்க! பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் காக்கும் முறை இது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் 1988-ல் வெளியிட்ட கட்டுரைதான் இதற்கு அடித்தளம்.

கையில் எவ்வளவு நிற்கும்?

● ரெய்டு 0: 16 டிபி. ஒரு டிஸ்க் போனால் எல்லாமே போச்சு.
● ரெய்டு 5: 12 டிபி. ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்.
● ரெய்டு 6: 8 டிபி. எந்த இரண்டு போனாலும் தாங்கும்.
● ரெய்டு 10: 8 டிபி. வேகம் அதிகம். ஆனால், ஒரே ஜோடியின் இரண்டு டிஸ்க்கும் போனால் அவ்வளவுதான்.

டிஸ்க் நிறுவனங்கள் 1000-ஐ வைத்தும், விண்டோஸ் 1024-ஐ வைத்தும் கணக்கிடுவதால், 12 டிபி திரையில் 10.9 என்றே தெரியும்.

எதைத் தேர்வு செய்வது?

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவாகும் 8 கேமராக்களுக்கு மட்டும் 30 நாளில் சுமார் 5.2 டிபி வேண்டும். அடுத்த சில ஆண்டுகளின் வளர்ச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழுதான டிஸ்க்கை மாற்றினால், பெரிய டிஸ்க்குகளில் தரவு மீண்டும் நிரம்ப பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். அதற்குள் இன்னொன்று பழுதானால் ரெய்டு 5 கைவிட்டுவிடும். கணக்கும் டிராயிங்கும் முக்கியம் என்றால் ரெய்டு 6 நல்லது.

ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். தவறுதலாக அழித்த ஃபைல், ரான்சம்வேர், தீ, திருட்டு எதையும் ரெய்டு தடுக்காது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, வெளியே நகல் இல்லாததால் 858 டிபி ஆவணங்கள் அழிந்தன.

நம் ஊர் கம்பெனிச் சட்டப்படி கணக்குகளை 8 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மின்னணுக் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்கிறது 2022-ல் வந்த விதித் திருத்தம். சுமார் 40 கி.மீ. தள்ளி பெங்களூருவில் ஒரு கிளை இருந்தால், இரண்டாவது நகலை அங்கே வைக்கலாம்.

டிஸ்க் வாங்கும்போதே அந்த நகலுக்கான செலவையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.